பராமரிப்புப் பணம்: அம்மாவின் கையிலா, பிள்ளையின் பெயரிலா?

காலையில் படுக்கையிலிருந்து தூக்கி உட்கார வைக்க வேண்டும். கழிப்பறைக்குக் கொண்டுபோக வேண்டும். குளிப்பாட்டி, உடுத்தி, ஊட்டிவிட வேண்டும். புண் வராமல் இருக்க இரவில் எழுந்து புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தசைச்சிதைவு நோய், மூளை முடக்குவாதம், முதுகுத்தண்டுவடக் காயம் என்று காரணம் எதுவானாலும், ஒவ்வொரு நாளும் இன்னொருவர் கை இல்லாமல் நகராத வாழ்க்கை பல்லாயிரம் பேருக்கு இருக்கிறது. அந்தக் கை பெரும்பாலும் அம்மாவுடையது. அவருக்கு இடுப்பு பிடித்துக்கொண்டால் அக்கா, அண்ணி, மனைவி.

இந்த உழைப்புக்கு அரசு பணம் தர வேண்டும் என்பதில் இன்று பெரிய கருத்து மோதல் இல்லை. எப்படித் தருவது என்பதில்தான் நாடுகள் பிரிகின்றன. குடும்பத்துக்கு மாதாமாதம் ஒரு தொகை கொடுத்துவிடலாம். குடும்பத்தில் ஒருவரையே சம்பள ஆளாக ஏற்கலாம். அல்லது இத்தனை மணிநேர உதவி என்று கணக்கிட்டு, மாற்றுத்திறனாளி தானே ஆள் பார்த்து வைத்துக்கொள்ள நிதி தரலாம். தமிழ்நாடு இந்த மூன்றில் எதைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று யோசிப்பதற்காகவே இந்தக் கட்டுரை.

நம் சட்டம் இதில் ஊமையாக இல்லை. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 5-ஆம் பிரிவு, எந்த மாற்றுத்திறனாளியும் குறிப்பிட்ட ஒரு வாழ்க்கை ஏற்பாட்டுக்குள் கட்டாயமாக அடைக்கப்படாமல் இருக்க அரசு முயல வேண்டும் என்கிறது. சமூகத்தோடு சேர்ந்து வாழத் தேவையான சேவைகளில் தனிநபர் உதவியையும், அதாவது அன்றாட வேலைகளுக்கு உதவியாளர் வைத்துக்கொள்வதையும், பெயர் சொல்லியே குறிப்பிடுகிறது. 24-ஆம் பிரிவு, அதிக ஆதரவு தேவைப்படுவோருக்குப் பராமரிப்பாளர் படி தரலாம் என்கிறது. அதையும் அரசின் பொருளாதார வசதிக்கு உட்பட்டு என்று வரம்பு கட்டிவிடுகிறது. மாற்றுத்திறனாளிகளின் உரிமைகள் பற்றி 2007-இல் இந்தியா ஏற்று உறுதிசெய்த ஐ.நா. உடன்படிக்கையின் 19-ஆம் பிரிவிலும் தனிநபர் உதவி இருக்கிறது. ஆக, மாதப் படியும் தனிநபர் உதவியும் சட்டத்தில் அருகருகே நிற்கின்றன. நடைமுறையில் நாம் நடந்திருப்பது மாதப் படியின் பாதையில் மட்டும்தான்.

மாதத்தொகை: எளிது, ஆனால் எவ்வளவு?

தமிழ்நாட்டில் கடுமையாகப் பாதிக்கப்பட்டோருக்கான பராமரிப்பு உதவித்தொகை மாதம் 2,000 ரூபாய். கேரளத்தில் படுத்த படுக்கையாக இருப்பவர்களைப் பார்த்துக்கொள்பவருக்கு ஆஸ்வாசகிரணம் திட்டத்தில் மாதம் 600 ரூபாய். இவற்றின் பலனை நான் குறைத்துப் பேச மாட்டேன். வங்கிக் கணக்கில் நேராக விழுகிற பணம் மருந்துக்கும் டயப்பருக்கும் உதவுகிறது. அடையாள அட்டையும் மருத்துவச் சான்றும் இருந்தால் போதும். வேலைக்கு ஆள் தேடித் தருகிற பொறுப்பு எந்த அலுவலகத்துக்கும் இல்லை. அதனால்தான் இது கடைக்கோடி கிராமம் வரை போய்ச் சேர்ந்திருக்கிறது.

ஆனால் இந்தத் தொகையை நேரமாக மாற்றிப் பாருங்கள். 2025-26-இல் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்கு அறிவிக்கப்பட்ட நாள்கூலி 336 ரூபாய். எட்டு மணி நேர நாள் என்று வைத்தால் மணிக்கு 42 ரூபாய். அந்தக் கணக்கில் 2,000 ரூபாய் என்பது மாதத்துக்கு 48 மணி நேரத்துக்குக் கூட வராது. நாளொன்றுக்கு ஒன்றரை மணி நேரத்தைச் சற்றே தாண்டும். கேரளத்தின் 600 ரூபாயை இதே மணிக்கூலியால் வகுத்தால் நாளுக்கு அரை மணி நேரம். குளிப்பாட்டி உடுத்துவதற்குள் அது தீர்ந்துவிடும். மிச்ச நேரத்தை யார் தருகிறார்கள்? அம்மாதான், கூலியில்லாமல்.

பணம் பெருகினால் இந்தக் குறை தீர்ந்துவிடுமா? ஜெர்மனி நல்ல பாடம். அங்கே 1995 முதல் பராமரிப்புக் காப்பீடு இருக்கிறது. ஏழையா பணக்காரரா என்று பார்க்காமல், தேவையின் அளவை மட்டும் பார்த்து ஐந்து நிலைகளாகப் பிரிக்கிறார்கள். மிக அதிகத் தேவையுள்ள ஐந்தாம் நிலையில் இருப்பவர், தொழில்முறைப் பராமரிப்புச் சேவை நிறுவனத்தை வரவழைத்தால் 2025 நிலவரப்படி மாதம் 2,299 யூரோ வரை காப்பீடு ஏற்கும். குடும்பத்தாரே பார்த்துக்கொள்வதாகச் சொல்லிப் பணமாகக் கேட்டால் 990 யூரோ. ஆள் அதே ஆள், உடம்பு அதே உடம்பு, தேவையும் அதே. செய்கிறவர் மகளோ மனைவியோ என்றால் விலை பாதிக்கும் கீழே இறங்குகிறது. இருந்தும் வீட்டில் பராமரிக்கப்படுவோரில் பெரும்பாலோர் பணத்தைத்தான் தேர்ந்தெடுக்கிறார்கள். கையில் வருகிற பணம் குடும்பச் செலவோடு கலந்துவிடும் என்பது ஒரு காரணம். முன்பின் தெரியாதவர் வீட்டுக்குள் வந்து போவதில் உள்ள தயக்கம் இன்னொன்று. தேர்வு சுதந்திரமானதுதான். ஆனாலும் அதன் பாரம் பெண்கள் தலையில்தான் இறங்குகிறது.

ஜெர்மனியிடமிருந்து நாம் அப்படியே எடுத்துக்கொள்ள வேண்டிய ஒன்று உண்டு. வாரம் குறைந்தது பத்து மணி நேரமாவது, இரண்டு நாட்களுக்குக் குறையாமல் பராமரிக்கிற குடும்பத்தினருக்கு, வேறு வேலை வாரம் 30 மணி நேரத்துக்கு மிகாதவரை, ஓய்வூதியச் சந்தாவைக் காப்பீடே கட்டுகிறது. மகனைப் பார்ப்பதற்காக வேலையை விட்ட தாய் அறுபது வயதில் வெறுங்கையோடு நிற்காமல் இருக்க இது வழி. நம்மூரில் பராமரிப்பைப் பற்றிப் பேசுகிற யாரும் அந்தத் தாயின் முதுமையைப் பற்றிப் பேசிக் கேட்டதில்லை.

மாதத்தொகையில் எனக்குள்ள பெரிய மனக்குறை வேறு. அது வீட்டுக்குள் எதையும் மாற்றுவதில்லை. முப்பது வயது மகன் வெளியே போக நினைத்தால் அம்மாவுக்கு நேரம் இருக்க வேண்டும். அம்மாவுக்குக் காய்ச்சல் என்றால் இருவரும் முடங்குவார்கள். மாற்றுத்திறனாளிகளின் பெற்றோர் கூடுகிற எந்த இடத்திலும் ஒரு கேள்வி எழாமல் இருக்காது: "எங்க காலத்துக்கு அப்புறம் யார் பார்ப்பா?" மாதம் 2,000 ரூபாயை 4,000 ஆக்கினாலும் அந்தக் கேள்விக்குப் பதில் கிடைக்காது.

சுவீடன் போன வழி

அடால்ஃப் ராட்ஸ்கா ஜெர்மனியில் பிறந்தவர். பதின்ம வயதில் இளம்பிள்ளைவாதம் தாக்கியது. சக்கர நாற்காலியும் சுவாசக் கருவியும் தேவைப்பட்டன. வெளியே உதவிக்கு ஏற்பாடு எதுவும் இல்லாததால் மருத்துவமனையிலேயே ஐந்தாண்டுகள் இருந்தார். 1966-இல் லாஸ் ஏஞ்சலிஸில் உள்ள கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்துக்குப் படிக்கப் போனபோது அவர் வாழ்க்கை வேறாகிவிட்டது. உதவியாளர்களுக்கான பணத்தைக் கலிஃபோர்னியா அரசு தந்தது. மாணவர்களையே வேலைக்கு வைத்துக்கொண்டு விடுதியில் தங்கிப் படித்தார். உடம்பில் எந்த மாற்றமும் இல்லை, உதவி கிடைக்கும் விதம்தான் மாறியது.

பின்னர் சுவீடனில் குடியேறிய அவர், 1984-இல் நண்பர்களோடு சேர்ந்து ஸ்டாக்ஹோமில் ஸ்டில் என்ற கூட்டுறவைத் தொடங்கினார். நகராட்சி அனுப்புகிற ஆள் நகராட்சி சொல்கிற நேரத்தில் வந்து போகிற முறை வேண்டாம். யார் வருவது, எப்போது வருவது, என்ன செய்வது, எப்படிச் செய்வது என்பதை உதவி பெறுகிறவரே முடிவு செய்ய வேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. சமூக நல அமைச்சராக இருந்த பெங்ட் வெஸ்டர்பெர்க் முன்னெடுத்ததில் 1993-இல் அது சட்டமானது. 1994 ஜனவரி 1 முதல் நடைமுறைக்கு வந்தது. குளிப்பது, உடுத்துவது, உண்பது, மற்றவரோடு பேச்சுத் தொடர்பு கொள்வது போன்ற அடிப்படைத் தேவைகளுக்கு வாரம் 20 மணி நேரத்துக்கு மேல் உதவி வேண்டுமானால் தேசிய சமூகக் காப்பீட்டு அமைப்பு நிதி தரும். அதற்குள் என்றால் நகராட்சி பொறுப்பு. இந்த வாசலைத் தாண்டிவிட்டால் வேலைக்குப் போவது, கடைக்குப் போவது, பிள்ளை வளர்ப்பது, சினிமா பார்ப்பது எல்லாவற்றுக்குமான உதவியும் மணிக்கணக்கில் சேரும். அந்தப் பணத்தை நகராட்சியிடம் கொடுத்து ஆள் கேட்கலாம், தனியார் நிறுவனத்திடம் போகலாம், கூட்டுறவில் சேரலாம், தானே முதலாளியாகி ஆள் வைக்கலாம்.

இந்த முறையில் நான் மதிப்பது, பணம் மாற்றுத்திறனாளியின் பெயரில் நிற்கிறது என்பதை. அவர் வீடு மாறினால் உதவியும் கூட வரும். உதவியாளர் சரியில்லை என்றால் மாற்றலாம். அம்மா அம்மாவாகவே இருக்கலாம்.

இதற்கும் விலை உண்டு, சண்டை உண்டு. மணிக்கு 300 குரோனருக்கு மேல் அரசு தருகிறது. செலவு ஏற ஏற, எது அடிப்படைத் தேவை என்பதை அதிகாரிகளும் நீதிமன்றங்களும் நிமிடக் கணக்கில் சுருக்கத் தொடங்கினார்கள். ஒரு கட்டத்தில் 16,000 பேரை ஒட்டி இருந்த பயனாளிகள் எண்ணிக்கை பிற்பாடு 14,000-க்கும் கீழே போனது. மூச்சுவிட உதவுவதும் குழாய் வழி உணவு கொடுப்பதும் அடிப்படைத் தேவைதான் என்று 2019, 2020-ஆம் ஆண்டுகளில் சட்டத்தைத் திருத்தி எழுத வேண்டியிருந்தது. ஒருவர் மூச்சுவிடுவது அடிப்படைத் தேவையா என்று வழக்காட வேண்டிய நிலை அவ்வளவு நல்ல சட்டத்துக்கும் வந்தது என்பதை நாம் மறக்கக் கூடாது. தகுதியை எப்படி அளப்பது என்பதைச் சட்டத்திலேயே தெளிவாக எழுதாவிட்டால், பட்ஜெட் இறுகும்போதெல்லாம் அளவுகோல் குட்டையாகும்.

குடும்பத்தினருக்கே சம்பளம் என்றால்

இந்த இடத்தில்தான் நாடுகளுக்குள் உண்மையான கருத்து வேறுபாடு இருக்கிறது. கலிஃபோர்னியாவில் வீட்டு உதவித் திட்டத்தின் கீழ், மிகக் கடுமையாகப் பாதிக்கப்பட்டவருக்கு மாதம் 283 மணி நேரம் வரை உதவி கிடைக்கும். உதவியாளர்களாகச் சம்பளம் வாங்குபவர்களில் பெரும்பாலோர் உறவினர்கள். இங்கிலாந்தில் நேர்மாறு: 1996-ஆம் ஆண்டுச் சட்டத்திலிருந்து மாற்றுத்திறனாளியின் கையிலேயே பணம் தருகிற வழி இருந்தாலும், ஒரே வீட்டில் வாழும் கணவன் மனைவிக்கோ நெருங்கிய உறவினருக்கோ பராமரிப்புச் சம்பளமாக அதைக் கொடுக்கச் சாதாரணமாக அனுமதி இல்லை, தவிர்க்க முடியாத நிலை என்று உள்ளாட்சி ஏற்றால் மட்டுமே உண்டு. சுவீடன் நடுவில் நிற்கிறது. குடும்பத்தினர் சம்பள உதவியாளராகலாம், ஆனால் ஒரே வீட்டில் இருப்பவரை மாற்றுத்திறனாளி நேரடியாக வேலைக்கு வைக்க முடியாது. நகராட்சியோ கூட்டுறவோ நிறுவனமோதான் அவருக்கு முதலாளியாக இருக்க வேண்டும்.

இந்தக் கடைசி விதி சின்னதாகத் தெரியும். எனக்கு இந்த ஒப்பீட்டிலேயே மிக முக்கியமானது அதுதான். பெற்ற தாயை எந்தப் பிள்ளை வேலையை விட்டு நீக்கும்? "இன்னைக்கு எனக்கு முடியலப்பா" என்று எந்தத் தாய் தன் பிள்ளையிடம் விடுப்பு கேட்பாள்? நடுவில் மூன்றாவது ஒருவர் இருந்தால், தாய்க்கு விடுமுறை கிடைக்கிறது, மாற்று ஆள் வருகிறார், வேலைநேரம் எழுத்தில் இருக்கிறது. மகனும் அம்மாவின் மனம் நோகாமல் இன்னொருவரைக் கேட்க முடிகிறது.

குடும்பத்துக்குச் சம்பளம் தருவதை முற்றாக மறுக்கிற வாதம் எனக்கு ஒப்பவில்லை. பாசத்துக்கு விலை வைப்பதா என்று கேட்பவர்கள் பெரும்பாலும் அந்த வேலையைச் செய்யாதவர்கள். எங்கள் உறவிலேயே தசைச்சிதைவு நோய் உள்ள ஒரு தம்பி இருக்கிறான். அவனைத் தூக்குவதும் கிடத்துவதும் அவன் அம்மாதான். தூக்கித் தூக்கி அவர் முதுகு கெட்டுவிட்டது. அதை உழைப்பு என்று சொல்லாவிட்டால் வேறு எதை உழைப்பு என்பது?

அதே சமயம், எல்லாப் பணத்தையும் குடும்பத்துக்கே கொடுத்துவிட்டால் இன்னொரு ஆபத்து வருகிறது. அந்தச் சம்பளம் வீட்டின் முக்கிய வருமானமாகிவிடும். பிறகு அந்தப் பையன் கல்லூரிக்குப் போகிறேன், நண்பனோடு தனியே தங்குகிறேன் என்றால் வீட்டு வருமானம் போகும். அவன் விடுதலையும் குடும்பத்தின் அரிசியும் எதிரெதிர் தட்டில் ஏறிவிடும். கெட்ட மனம் இல்லாத குடும்பத்திலும் இது நடக்கும்.

அறிவுசார் குறைபாடு உள்ளவர்கள் விஷயத்தில் இந்த ஆபத்து இன்னும் கூர்மையானது. 1999-ஆம் ஆண்டின் தேசிய அறக்கட்டளைச் சட்டப்படி பெற்றோரே சட்டப்பூர்வப் பாதுகாவலர் ஆகலாம். பாதுகாவலரும் அவரே, பணத்தை நிர்வகிப்பவரும் அவரே, சம்பளம் வாங்கும் உதவியாளரும் அவரே என்றானால், அந்தப் பிள்ளைக்கு உண்மையில் என்ன வேண்டும் என்று கேட்க வீட்டுக்கு வெளியே ஒருவரும் இல்லை. இங்கே மட்டும் ஒரு கண்டிப்பான விதி வேண்டும்: பாதுகாவலராக இருப்பவர் ஒரே சம்பள உதவியாளராக இருக்கக் கூடாது.

சிறு குழந்தைகளின் கணக்கு வேறு. எந்தக் குழந்தையையும் பெற்றோர் குளிப்பாட்டுவார்கள், ஊட்டுவார்கள். அந்த அளவைக் கழித்துவிட்டு மீதத்துக்குத்தான் சுவீடன் பணம் தருகிறது; 2023 முதல் வயதுக்கு ஏற்ற நிலையான கழிவு வைத்திருக்கிறார்கள். அதற்கு முன் வீட்டுக்கு வீடு அதிகாரியின் பார்வைக்கேற்ப அளவு மாறிக்கொண்டிருந்தது. நாமும் முதலிலேயே நிலையான கழிவு வைத்துவிடுவது நல்லது.

வெளியாள் கிடைப்பாரா?

தமிழ்நாட்டில் இதைப் பேசினால் முதலில் வரும் பதில், "நம்பி யாரை வீட்டுக்குள்ள விடுறது?" நியாயமான பயம். பெண் மாற்றுத்திறனாளி உள்ள வீட்டில் அந்தப் பயம் பல மடங்கு. ஆனால் துன்புறுத்தல் வெளியாளால் மட்டும்தான் நடக்கும் என்பது நாம் வசதிக்காக நம்புவது. யாருமே வெளியிலிருந்து வராத வீட்டில் உள்ளே நடப்பது வெளியே தெரிய வழியில்லை. வாரத்தில் சில மணி நேரமாவது வேறு ஒருவர் வந்து போவதே ஒரு பாதுகாப்பு.

சாதியையும் சொல்லியாக வேண்டும். அடுப்படி வரை யார் வரலாம், யார் தொட்டுக் குளிப்பாட்டலாம் என்ற கணக்கு நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. உடலைச் சுத்தம் செய்கிற வேலைக்கு மரியாதை இல்லாததும் கூலி குறைவதும் அதே வேரிலிருந்து வருபவை. உதவியாளர் பணியை வீட்டு வேலையின் இன்னொரு பெயராக ஆக்கினால், அதே பெண்கள் அதே கூலிக்கு அதே இழிவோடு வருவார்கள். பயிற்சி, சான்றிதழ், வருங்கால வைப்புநிதி, எழுத்தில் வேலைநேரம் எல்லாம் முதல் நாளிலிருந்தே இருக்க வேண்டும். நகரங்களில் ஏஜென்சி வழியாக ஹோம் நர்ஸ் வைப்பவர்கள் மாதம் இருபதாயிரத்துக்கு மேல் கொடுக்கிறார்கள். அதில் வேலை செய்கிற பெண்ணின் கைக்கு எவ்வளவு போகிறது என்பதை யாரும் கேட்பதில்லை.

ஆட்கள் இல்லை என்ற வாதத்தை நான் ஏற்கவில்லை. வீடு தேடிப் போகும் சேவைக்கு ஆட்களைத் திரட்ட முடியும் என்று 2021-இல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் காட்டியிருக்கிறது. உலக வங்கிக் கடனுதவியோடு நடக்கும் மாற்றுத்திறனாளிகளுக்கான உரிமைகள் திட்டத்தின் ஒருங்கிணைந்த சேவை மையங்களான விழுதுகள் மையங்கள் ஏற்கெனவே பல இடங்களில் உள்ளன. தாய்க்கும் பிள்ளைக்கும் நடுவில் நிற்கிற முதலாளி என்ற இடத்துக்கு அந்த மையங்களையோ, மாற்றுத்திறனாளிகளே நடத்தும் கூட்டமைப்புகளையோ கொண்டுவரலாம். இரண்டாவதுதான் என் விருப்பம். ஸ்டாக்ஹோமில் அப்படித்தான் தொடங்கியது.

நான் தேர்ந்தெடுப்பது

உதவி மணிநேரம் மாற்றுத்திறனாளியின் பெயரில் ஒதுக்கப்பட வேண்டும். யாரை வைப்பது என்பது அவர் முடிவு. குடும்பத்தினர் அந்த மணிகளில் பாதி வரை சம்பளத்துக்குச் செய்யலாம். கூலி வெளியாளுக்குக் கிடைப்பதே, ஒரு ரூபாய் குறையாமல், செய்கிறவரின் சொந்த வங்கிக் கணக்கில். மீதிப் பாதி வெளியாளுக்கு. ஆள் கிடைக்கும் வரை அந்த மணிகள் காலாவதியாகாமல் சேர்ந்துகொண்டே இருக்க வேண்டும். இப்போதுள்ள 2,000 ரூபாயில் கை வைக்கக் கூடாது. அது மருந்துக்கும் பொருளுக்கும்.

நாளொன்றுக்கு நான்கு மணி நேர உதவி என்று தொடங்கலாம். மாதம் 120 மணி நேரம், நூறு நாள் வேலையின் கூலிக் கணக்கில் மணிக்கு 42 ரூபாய், ஆக ஒருவருக்கு 5,040 ரூபாய். முதல் கட்டமாக 10,000 பேர் என்றால் ஆண்டுக்கு 60 கோடியே 48 லட்சம். பயிற்சியும் நிர்வாகமும் சேர்த்தால் கூடும். 42 ரூபாய் நியாயமான கூலி என்று நான் சொல்லவில்லை. அதற்குக் கீழே போகக் கூடாத தரை என்று வைக்கிறேன். மாநில அரசின் அளவுக்கு எட்டாத தொகை இது என்று யாரும் சொல்ல முடியாது.

யார் அந்த 10,000 பேர் என்பதற்கு 2016-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 38-ஆம் பிரிவு வழி சொல்கிறது. அதிக ஆதரவு வேண்டும் என்று மாற்றுத்திறனாளியோ அவர் சார்பில் வேறொருவரோ விண்ணப்பிக்கலாம். மதிப்பீட்டுக் குழு பார்த்து, தேவை என்ன என்று அறிக்கை தர வேண்டும். அடையாள அட்டையில் உள்ள ஊனச் சதவீதத்தை வைத்து மட்டும் முடிவு செய்வது சரியாக வராது. எண்பது சதவீதம் என்று எழுதப்பட்ட இருவரில் ஒருவருக்கு நாளுக்கு ஒரு மணி நேரம் போதும், இன்னொருவருக்கு இருபத்து நான்கு மணி நேரமும் ஆள் வேண்டும். அந்தப் பிரிவின்படி விண்ணப்பங்கள் குவிந்தால்தான் தேவையின் அளவு அரசின் ஏட்டில் ஏறும். இப்போதே கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனுவாகக் கொடுக்கலாம். உதவித்தொகை கேட்கும்போது கூடவே இத்தனை மணி நேர உதவி தேவை என்று, காலை எழுவதிலிருந்து படுப்பது வரை வேலை வாரியாக எழுதிக் கொடுங்கள்.

ஒன்றை நான்கு மணி நேரக் கணக்கு தொடவில்லை: இரவு. புரட்டிப் படுக்க வைக்கவும், சளி உறிஞ்சி எடுக்கவும், சுவாசக் கருவி நழுவினால் சரிசெய்யவும் இரவெல்லாம் பக்கத்தில் ஒருவர் வேண்டியவர்கள் இருக்கிறார்கள். சுவீடனில் உதவியாளர் கூப்பிட்டால் எழத் தயாராகக் காத்திருக்கும் நேரத்தையும், வேலை நேரத்தைவிடக் குறைந்த விகிதத்தில், கணக்கில் சேர்க்கிறார்கள். நம் திட்டத்திலும் காத்திருக்கும் நேரத்துக்கு ஒரு விகிதம் முதல் அரசாணையிலேயே எழுதப்பட வேண்டும். பிறகு சேர்த்துக்கொள்ளலாம் என்று விட்டால், பகலில் வெளியாள் வந்த வீட்டிலும் இரவு முழுவதும் விழித்திருப்பது மறுபடியும் அதே தாயாகத்தான் இருப்பார்.